தமிழ் வகுப்பறையில் டிஸ்லெக்சியா: புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தொடக்க வகுப்புகளுக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீட்டின்படி 100 பிள்ளைகளில் 5 முதல் 10 பேருக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருக்கலாம். அப்படியானால் 40 பேர் உட்கார்ந்திருக்கும் உங்கள் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுதான் நம் பள்ளிகளில் வழக்கம். அந்தப் பட்டியலிலிருந்து இவர்களைத் தனியே இனம்காண்பது எப்படி, கண்ட பிறகு அதே வகுப்பில், அதே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எதைத் தேட வேண்டும்

பேச்சில் வரும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து உணர்வதும், ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைச் சட்டென்று பொருத்துவதும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குக் கடினம். இது பிறவியிலேயே மூளையின் அமைப்பில் இருப்பது. குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இருப்பதும் சகஜம். கண்ணில் கோளாறு இல்லை, அறிவில் குறை இல்லை, வளர்ப்பிலும் தவறில்லை.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கெட்டிக்காரப் பையன், ஆனால் வாசிக்க மட்டும் வரவில்லை. பாடத்தை எல்லாம் வாயால் மட்டுமே சொல்லிக்கொடுத்தால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிவு செய்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வகுப்பாசிரியருக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. காதால் கேட்டால் புரிந்துகொண்டு வாயால் பதில் சொல்கிற பிள்ளை, அதே விஷயத்தை எழுத்தில் பார்த்ததும் தடுமாறுகிறதா? அந்த இடைவெளியைத்தான் தேட வேண்டும். எல்லாவற்றிலுமே ஒரே அளவுக்குப் பின்தங்கியிருக்கும் பிள்ளைக்கும் உதவி தேவைதான். ஆனால் அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

ஆங்கிலத்துக்கு எழுதிய பட்டியலைத் தமிழுக்கு வைக்காதீர்கள்

டிஸ்லெக்சியா பற்றிக் கிடைக்கும் அறிகுறிப் பட்டியல்களில் முக்கால்வாசி ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. சின்ன ‘b’யையும் ‘d’யையும் மாற்றி எழுதுவது, எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போடுவது என்று அந்தப் பட்டியல் தொடங்கும். ஏழு வயது வரை எந்தப் பிள்ளையும் அப்படி எழுதலாம், அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அதைவிட முக்கியமாக, தமிழ் வாசிப்பில் இந்தச் சிரமம் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதமே வேறு.

ஆங்கிலத்தில் பி-யு-டி ‘புட்’ என்றால் சி-யு-டி ‘கட்’. எழுத்தை நம்பி வாசிக்க முடியாது. தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். ஆகவே இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் எப்படியோ எழுத்துக்கூட்டிச் சரியாகவே படித்துவிடலாம். ஆனால் மிக மெதுவாகப் படிக்கும். மற்றவர்கள் சொற்களைப் பார்த்தவுடன் சொல்லிக்கொண்டு போகும்போது, இந்தப் பிள்ளை நான்காம் வகுப்பிலும் ‘ப…ள்…ளி…’ என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருக்கும். வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது முதல் சொல் மறந்துபோயிருக்கும். இத்தாலியன், ஜெர்மன், ஃபின்னிஷ் போல எழுத்தும் ஒலியும் நன்றாகப் பொருந்தும் மொழிகளிலும் தவறைவிடத் தாமதம்தான் பெரிய அடையாளமாக இருக்கிறது. எனவே உங்கள் வகுப்பில் ‘தப்பாகப் படிக்கிறானா’ என்பதோடு நிறுத்தாமல் ‘எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான்’ என்பதையும் பாருங்கள்.

தமிழ் எழுத்திலும் சில இடங்கள் எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்கும், இந்தப் பிள்ளைகளை நீண்ட காலம் விடாமல் பிடித்துவைக்கும். 247 எழுத்து என்ற எண்ணிக்கையே ஒரு சுமை. அதிலும் ‘கெ’, ‘கே’, ‘கை’ போன்றவற்றில் ஒலியில் பின்னால் வரும் உயிருக்கான குறி எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’வில் ஒரே உயிர் இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கம் கொம்பும் அந்தப் பக்கம் காலுமாக நிற்கிறது. ‘பொட்டு’ என்பதைப் ‘பெட்டு’ என்றோ ‘பாட்டு’ என்றோ படித்தால், பிள்ளை அந்த இரண்டு குறிகளில் ஒன்றை மட்டுமே கண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் உகரம். கு, சு, டு, து, மு, ரு எல்லாவற்றிலும் ஒலி ஒன்றுதான், வடிவமோ எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் க-வின் ஓசை ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை இவை: ஒற்றெழுத்து விடுபடுவது (‘சிங்கம்’ என்பது ‘சிகம்’, ‘வந்தான்’ என்பது ‘வதான்’), குறிலும் நெடிலும் மாறுவது (‘பாடம்’ ‘படம்’ ஆவது), எழுத்துகள் இடம் மாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது. கடைசியாகச் சொன்னது முக்கியம். சாதாரணமாகத் தப்பாக எழுதும் பிள்ளை ஒரு சொல்லைப் பெரும்பாலும் ஒரே மாதிரி தப்பாக எழுதும். இந்தப் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் உருவமே மனதில் தங்காததால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஊகிக்கும்.

ண-ன, ர-ற, ல-ள-ழ குழப்பத்தை வைத்து மட்டும் எந்தப் பிள்ளையையும் சந்தேகப்படாதீர்கள். பல ஊர்ப் பேச்சில் இவற்றுக்கிடையே ஒலி வேறுபாடே இல்லை. காதில் கேட்காத வேறுபாட்டைப் பிள்ளை எழுத்தில் காட்டாதது இயல்பு. அதுபோலவே ‘வர்றாங்க’ என்று பேசும் பிள்ளை ‘வருகிறார்கள்’ என்று வாசிக்கத் தடுமாறுவதும் முதல் ஓரிரு ஆண்டுகளில் பொதுவானது.

இன்னொரு அடையாளமும் உண்டு. நம் வகுப்புகளில் பாடத்தை எல்லாரும் சேர்ந்து உரக்கச் சொல்லும் பழக்கம் உண்டு. ஞாபகசக்தியுள்ள பிள்ளை நாலு நாளில் முழுப் பாடத்தையும் மனப்பாடமாக ஒப்பித்துவிடும், விரலையும் புத்தகத்தில் ஓட்டிக்கொண்டே போகும். பார்க்கிறவர் வாசிப்பதாகவே நினைப்பார். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நடுவில் இருக்கும் ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். அல்லது கடைசி வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். விரல் ஒரு வரியிலும் வாய் வேறு வரியிலும் இருந்தது அப்போது தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்ததும் முதலில் விலக்க வேண்டியவை

பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளிபிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒலிகள் மங்கலாகத்தான் கேட்டிருக்கும். வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். வேலைக்காக ஊர்விட்டு ஊர்போகும் குடும்பத்துப் பிள்ளை ஆண்டில் பாதி நாள்தான் வந்திருக்கலாம். வீட்டில் தெலுங்கோ உருதோ இந்தியோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் இன்னும் பழகாமல் இருக்கலாம். வீட்டு மொழியில் கதை சொல்லச் சொல்லிக் கேட்டால் அது புரிந்துவிடும். இவற்றில் ஒன்று இருப்பதாலேயே டிஸ்லெக்சியா இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் எளிதாகச் சரிசெய்யக் கூடியதை முதலில் சரிசெய்துவிடுவோம்.

பத்து நிமிடத்தில் ஒரு சோதனை

இது டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் பரிசோதனை அல்ல. அதைச் செய்ய நமக்குத் தகுதியும் இல்லை. எங்கே அடைக்கிறது என்று நாம் தெரிந்துகொள்வதற்காக மட்டும். மதிய உணவு இடைவேளையில் தனியாக, விளையாட்டுபோல் செய்யுங்கள். அருகில் மற்ற பிள்ளைகள் இருக்க வேண்டாம்.

முதலில் ஒலி. ‘தாமரை’யைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு ‘தாமரையில் தாவை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?’ என்று கேளுங்கள். ‘மாலையில் மாவுக்குப் பதில் சா போட்டால்?’ முதல் வகுப்பு முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில எடுத்துக்காட்டுகளுக்குப் பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்து, ஒரு வகுப்பு கீழே உள்ள புத்தகத்தில் பிள்ளை பார்த்திராத பத்தியை ஒரு நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். சரியாகப் படித்த சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். இதற்கென்று ஒரு பொது அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வகுப்பிலேயே நடுத்தரமாகப் படிக்கும் நான்கைந்து பேரிடம் இதே பத்தியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அதுதான் நம்பகமான அளவுகோல்.

பிறகு பொருளே இல்லாத சொற்கள்: ‘மசுடு’, ‘தோபை’, ‘கெலாமு’, ‘பிணூரி’. மனப்பாடமோ படமோ ஊகமோ இங்கே கைகொடுக்காது. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்திருந்தால் மட்டுமே படிக்க முடியும். பாடப்புத்தகத்தைச் சமாளித்துவிடும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பத்துச் சொற்களைச் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். அதில் ஒற்று, நெடில், கொம்பும் காலும் வரும் எழுத்து எல்லாம் கலந்திருக்கட்டும். கடைசியாக, பிள்ளை திணறிய அதே மாதிரிப் பத்தி ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி, இரண்டு மூன்று கேள்வி கேளுங்கள். பளிச்சென்று பதில் வந்தால் நாம் முன்னே சொன்ன இடைவெளி இதுதான்.

குறிப்பேடு

தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ‘கவனம் இல்லை’, ‘சோம்பேறி’ என்பவை நம் கருத்து. ‘12 சொற்களில் 7-ல் ஒற்று விட்டுவிட்டான்’, ‘பலகையில் இருந்த நான்கு வரிகளை எழுத 20 நிமிடம் ஆனது’ என்பவை கவனிப்பு. எழுதிய தாள்களைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உளவியலாளரோ சிறப்புப் பயிற்றுநரோ முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளை எதில் கெட்டி என்பதையும் எழுதுங்கள்.

அதே நேரத்தில் உதவியையும் தொடங்கிவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் நன்றாகக் கற்றுக்கொடுத்த பிறகும் வேகம் கூடவில்லை என்றால் சந்தேகம் வலுக்கிறது. ‘தானா சரியாயிடும், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்’ என்று சொல்பவர்கள் உங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள். அந்த ஒரு வருஷம்தான் இந்தப் பிள்ளைக்கு மிகவும் விலைமதிப்பானது. காத்திருக்கச் சம்மதிக்காதீர்கள்.

வாசிக்கக் கற்றுக்கொடுப்பது

தினமும் 15 முதல் 20 நிமிடம், மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட சிறு குழு. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கும் பள்ளியாக இருந்தால் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக அரும்பிலேயே நிற்கும் பிள்ளையை ‘இவன் அரும்பு’ என்று ஏற்றுக்கொண்டுவிடாதீர்கள். ஏன் நிற்கிறான் என்று கேட்க வேண்டிய பிள்ளை அவன்தான்.

முதலில் எழுத்தில்லாமல் ஒலி. காலை, மாலை, சாலை, வேலை, சோலை என்று முதல் எழுத்தை மாற்றி விளையாடுவது. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்கும் அந்தாதி விளையாட்டு. மோனையும் எதுகையும் உள்ள சின்னச் சின்ன வரிகளைப் பிள்ளைகளே இட்டுக்கட்டுவது. பிறகு இன்னும் நுணுக்கமாக, ‘க்… ஆ… சேர்த்தால்?’ ‘கா’. ‘மீயைப் பிரித்தால்?’ ‘ம்… ஈ’. உயிரும் மெய்யும் சேர்ந்தது உயிர்மெய் என்று நாம் இலக்கணமாகச் சொல்லிக்கொடுப்பதைக் காதுக்குப் பழக்கிவிட்டால், 216 உயிர்மெய்யையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய பாரம் குறையும்.

எழுத்துக்கு வரும்போது சுவரில் 247 எழுத்தையும் மாட்டிவைத்து வரிசையாகச் சொல்லவைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் அந்த வரிசையைப் பாட்டாகப் பாடிவிடுவார்கள், நடுவில் ஒன்றைக் காட்டினால் தெரியாது. ட, ப, ம, ர, க என்று ஐந்து எழுத்தும் ‘ம்’ என்ற ஒற்றும் போதும். படம், மடம், மரம், கரம், ரகம் என்று வாசிக்கத் தொடங்கிவிடலாம். அது தடுமாறாமல் வந்த பிறகு கால் மட்டும் சேருங்கள்: பாடம், மாடம், காரம், பாரம். ஒரு குறி நிலைத்த பிறகே அடுத்த குறி. கொம்பும் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்ற வேறுபாடும் ஒரே வாரத்தில் வேண்டாம். ‘கொ’, ‘கோ’ வரும்போது கொம்பையும் காலையும் ஒரே நிறத்திலும் நடு எழுத்தை வேறு நிறத்திலும் எழுதிக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் நிற்பவை ஒரே ஒலிக்கு உரியவை என்பது கண்ணில் பட்டுவிடும்.

கண், காது, வாய், கை நாலையும் ஒன்றாக வேலைவாங்குங்கள். மணல் தட்டிலோ கோலமாவிலோ விரலால் எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வெறுமனே வரைந்தால் அது ஓவியப் பயிற்சிதான். அமெரிக்காவில் 1930-களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்ஹாமும் உருவாக்கிய முறையின் அடிப்படையும் இதுதான்: ஒலியிலிருந்து எழுத்துக்கு, எளியதிலிருந்து கடினத்துக்கு, எதையும் ஊகத்துக்கு விடாமல் நேரடியாகச் சொல்லிக்கொடுத்து, பலமுறை திரும்பச் செய்வது.

வேகத்துக்கு ஒரு வழி உண்டு. ஐந்தாறு வரிப் பத்தி ஒன்றை நீங்கள் முதலில் வாசித்துக் காட்டுங்கள், பிறகு இருவரும் சேர்ந்து வாசியுங்கள், பிறகு பிள்ளை தனியாக. அதே பத்தியை நான்கு நாட்கள் தொடருங்கள். ஐந்தாம் நாள் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும். வரி தப்பிப் போகிற பிள்ளைக்கு, ஓர் அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தால் போதும்.

தப்பான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லும் இம்போசிஷன் இவர்களுக்கு எந்தப் பயனும் தருவதில்லை. கவனித்துப் பாருங்கள், முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ப’ எழுதுவான், பிறகு பத்து ‘ள்’, பிறகு பத்து ‘ளி’. சொல்லை ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டான். பத்து முறைக்குப் பதில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒலியைச் சொல்லிக்கொண்டே, மூன்றாவது முறை பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பில் அன்றாடம்

முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். படிக்க வைக்கத்தான் வேண்டும் என்றால் முந்தின நாளே ‘நாளைக்கு இந்த மூணு வரி உனக்கு’ என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் பழகிக்கொண்டு வந்து நிமிர்ந்து நின்று படிக்கும்.

பலகையைப் பார்த்து எழுதுவது இவர்களுக்குப் பெரும் பாடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தலையைத் தூக்க வேண்டும். முன்வரிசையில், பலகைக்கு நேராக உட்காரவையுங்கள். எழுதியதை உடனே அழிக்காதீர்கள். நீண்ட குறிப்பாக இருந்தால் நகல் எடுத்துக் கொடுங்கள், அல்லது பாதியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அறிவியலும் சமூக அறிவியலும் வாசிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. வாசிக்க வராததால் மழை எப்படிப் பெய்கிறது என்பதும் தெரியாமல் போய்விட்டால் மூன்றே ஆண்டுகளில் பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்கிவிடும். பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். அல்லது உங்கள் குரலில் பதிவுசெய்து பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு போனில் தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதியும் இருக்கிறது, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிக் கொடுக்கலாம்.

வகுப்புத் தேர்வில் கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள். பதிலை வாயால் சொல்ல விடுங்கள். கணக்கிலும் அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். நாம் சோதிப்பது அந்தப் பாடத்தைத்தான். தமிழ்த் தாளில்கூட எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஒற்று பழகினோம் என்றால் ஒற்றை மட்டும் திருத்துங்கள்.

‘அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர் அதிக நேரம்?’ என்று மற்ற பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணாடி போட்டிருக்கும் பிள்ளையைக் காட்டி, ‘அவளுக்கு மட்டும் ஏன் கண்ணாடி? அவளுக்குத் தேவை, அதனால் போட்டிருக்கிறாள்’ என்று சொன்னால் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் டிஸ்லெக்சியா என்ற பெயரை வகுப்பில் சொல்லாதீர்கள், ஓய்வறையிலும் பேசாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் விஷயம்.

அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ‘மக்கு’ என்ற சொல்லை ஒரு பிள்ளை தன் பெயராக ஏற்றுக்கொண்டுவிட்ட பிறகு, எந்தப் பயிற்சியும் உள்ளே போவதில்லை. வகுப்பில் சேட்டை செய்யும் பிள்ளைகளில் சிலர், வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் சேட்டை செய்கிறார்கள். பாடம் தொடங்கியதும் வயிற்றுவலி வருகிற பிள்ளையும் அப்படித்தான். அந்த வலியும் நிஜமானது.

பெற்றோரிடம் பேசும்போது

‘உங்க பையனுக்கு டிஸ்லெக்சியா’ என்று தொடங்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் அதற்கான நிபுணர். பிள்ளை நன்றாகச் செய்வதை முதலில் சொல்லுங்கள், பிறகு குறிப்பேட்டைத் திறந்து பார்த்ததைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள்: பேச்சு தாமதமாக வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது வாசிப்பதில் சிரமம் இருந்ததா? ‘நானும் இப்படித்தான் டீச்சர், எட்டாவதோட நின்னுட்டேன்’ என்று ஓர் அப்பா சொன்னால் அது முக்கியமான தகவல். அதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் பழி அம்மாவின் தலையில்தான் விழும். ‘இது யாருடைய தவறும் இல்லை’ என்பதை இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஐன்ஸ்டீனுக்கும் இது இருந்தது என்று ஆறுதல் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, பெற்றோருக்கு அது தேவையும் இல்லை. ‘வாசிக்க வரும், கொஞ்சம் வேறு விதமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், நேரம் பிடிக்கும்’ என்பது உண்மை. அதைச் சொல்லுங்கள். மூன்றே மாதத்தில் குணமாக்குகிறோம் என்று மாத்திரை, நிறக் கண்ணாடி, கண் பயிற்சி விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். கண் பயிற்சிக்கும் நிறக் கண்ணாடிக்கும் ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் அமைப்புகள் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன.

வீட்டில் ட்யூஷனைக் கூட்டுவதால் பயனில்லை. தினம் 15 நிமிடம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத வீடாக இருந்தால் கதை பேசட்டும். சொல்வளம் பெருகுவதும் வாசிப்புக்கு உதவிதான்.

சான்றிதழும் தேர்வுச் சலுகையும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (டிஸ்லெக்சியா இதில் அடங்கும்) ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து கற்பித்தலில் மாற்றம் செய்வது பள்ளியின் கடமை என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17-ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. தலைமையாசிரியர் தயங்கினால் இந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துக் காட்டலாம்.

மத்திய அரசின் நெறிமுறைப்படி, மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயது, இதில் எது முந்தியோ அதற்குள் பள்ளி ஆசிரியர்கள் முதற்கட்டமாகப் பார்த்துவிட வேண்டும். சான்றிதழ் பெறுவது அதற்குப் பிறகு. நுண்ணறிவுத் தேர்வும், வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தேர்வுகளும் எடுப்பார்கள். பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய தேர்வுத் தொகுப்பு நம் நாட்டில் இதற்குப் பயன்படுகிறது. சான்றிதழுக்குத்தான் வயது வரம்பு, உதவிக்கு இல்லை.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரிடம் முதலில் பேசுங்கள். பள்ளிக்கே வந்து பார்ப்பார். அவர் வழியாக, பிள்ளைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பயிற்சிக்குப் போய்வாருங்கள்.

மாநிலப் பொதுத் தேர்விலும் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தை மாதத்தில் போய் மருத்துவச் சான்றுக்கு அலைந்தால் கிடைக்காது, ஒன்பதாம் வகுப்பிலேயே தாள்களைத் தயார் செய்துவிடுங்கள். மொழி விலக்கு வேண்டுமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்கட்டும், மேற்படிப்பில் அந்த மொழி தேவைப்படுமா என்று முதலில் பார்க்க வேண்டும். சொல்வதை எழுதுபவரோடு பழகுவதற்கும் நாள் வேண்டும். விடையை மனதில் வரிசைப்படுத்தி, எழுதுகிறவரின் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது ஒரு தனித் திறமை. ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே அப்படி எழுதவையுங்கள்.